முற்போக்கு இசையும் கேட்போர் கட்சியும்

மனிதர்கள் கட்சி பிரிந்து சண்டையிடுவதற்கு மதம், ஜாதி, மொழி, தேசம் ஆகிய காரணங்கள் போதாவென்று இசையையும் ஒரு காரணமாக ஏற்படுத்திக் கொண்டிருக்கிறார்கள். சாப்பாட்டு விஷயத்தில் ஒருவனுக்குக் கத்தரிக்காய் பிடிக்கும், மற்றொருவனுக்குப் பிடிக்காது. அதற்காக அவர்கள் ஒருவரையொருவர் மூடனென்று ஏசிக்கொள்ளுவதில்லை. பாட்டு விஷயத்திலோ, தனக்குப் பிடித்ததை மற்றவன் பிடிக்கவில்லையென்று சொல்லிவிட்டால், உடனே அவனுடைய அறிவின்மேலும் படிப்பின்மேலும், சில சமயங்களில் பிறப்பின்மேலுங்கூடச் சந்தேகம் வந்துவிடுகிறது. இஃது ஏன் என்பதை ஒரு சரித்திரத்தின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மால் என்னும் கடைத்தொகுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழம்பொருட் சந்தை கூடுவதை கிள்ளான் பள்ளத்தாக்கு வாசகர்கள் அறிவார்கள். பழைய நாணயம், தபால்தலை, பீங்கான், கைக்கடிகாரம் இவற்றோடு பழைய இசைத்தட்டுகளும் அங்கே பெட்டி பெட்டியாக விலைக்கு வருகின்றன. நாம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு அச்சந்தைக்குச் செல்லுவது நமது வழக்கம். அண்மையில் அவ்வாறு சென்றிருந்தபோது இரண்டு தமிழன்பர்கள் ஓர் இசைத்தட்டின்மேல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பிரிக்பீல்ட்ஸைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற ஆசிரியர். மற்றவர் கிள்ளானில் ஒலிப்பெருக்கி பழுது பார்க்கும் இளைஞர். இசைத்தட்டு, இங்கிலாந்து தேசத்து யெஸ் என்னும் குழுவினர் 1972ல் வெளியிட்ட ‘குளோஸ் டு தி எட்ஜ்’.

“இது படித்தவர்கள் கேட்கிற இசை, தம்பி. உங்கள் காலத்துப் பாட்டைப்போல் மூன்று நிமிஷத்தில் மறந்து போகிறதல்ல” என்றார் ஆசிரியர்.

“இது இசையே இல்லை, சார். கணக்குப் பரீட்சை. எனக்கு எத்தனை கணக்குத் தெரியும் பார் என்று காட்டுகிறார்கள்” என்றார் இளைஞர்.

இருவரும் அரைமணி நேரம் வாதாடினார்கள். அந்த அரைமணியில் அந்தத் தட்டின் ஒலியைப்பற்றி ஐந்து நிமிஷங்கூடப் பேச்சு நடக்கவில்லை. யார் படித்தவர், யார் பாமரர், யார் வேஷக்காரர், யார் உண்மையான மனிதர் என்பதே பேச்சாயிருந்தது. அவர்கள் நின்று பேசிய பெட்டாலிங் ஜெயாவோ ஒரு காலத்தில் எபிங்ஹாம் என்னும் கித்தாத் தோட்டம். 1950களின் தொடக்கத்தில் கோலாலம்பூரின் துணை நகரமாக வெட்டித் திருத்தப்பட்டது. பால்மரம் நின்ற மண்ணில் நின்றுகொண்டு இரண்டு தமிழர்கள் இங்கிலீஷ்காரனுடைய இசை உயர்ந்ததா தாழ்ந்ததாவென்று மல்லுக்கட்டுவது நமக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. வீடு திரும்பும் வழியில் யோசித்துப் பார்த்ததில், அந்த வழக்கில் நாமும் நெடுநாளாக ஒரு கட்சிக்காரராகவே இருந்துவந்தோம் என்பது தெரிந்தது.

இனி, அவ்விசையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுவோம்.

1960களின் கடைசியில் இங்கிலாந்தில் தோன்றிய இவ்வகைக்கு ‘புரொகிரஸிவ் ராக்’ என்று பெயர். தமிழில் சொன்னால் முற்போக்கு ராக். முற்போக்கு என்னும் சொல் நமது வாசகர்களுக்குப் புதிதன்று. ஆதலால் அதன் பொருளையும் கடைசியில் விசாரிக்க வேண்டியிருக்கும். ராக் இசையின் வேர் அமெரிக்கக் கறுப்பு மக்களின் புளூஸ் பாட்டில் இருக்கிறது. அதை வெள்ளைக்கார இளைஞர்கள் எடுத்துப் பாடினார்கள். 1967ல் பீட்டில்ஸ் குழுவினர் ‘சார்ஜென்ட் பெப்பர்’ தட்டை வெளியிட்ட பிறகு, தனித்தனிப் பாட்டுகளைச் சேர்த்து விற்பதைவிட ஒரு தட்டு முழுவதையும் ஒரே ஆக்கமாகச் செய்யலாம் என்னும் எண்ணம் பரவிற்று. அதே ஆண்டில் மூடி புளூஸ் குழுவினர் வாத்தியக் கோஷ்டியோடு சேர்ந்து ஒரு நாளின் காலை முதல் இரவு வரையிலான பொழுதுகளை ஒரு தட்டாக ஆக்கினார்கள். 1969 அக்டோபரில் கிங் கிரிம்ஸன் குழுவின் முதல் தட்டு வெளிவந்தது. இவ்வகையின் உண்மையான தொடக்கம் அதுவேயென்று பலர் கருதுகிறார்கள்.

இவ்வளர்ச்சிக்கு ஒரு பொருட்காரணமும் உண்டு. பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிஷத்துக்குமேல் இடமில்லை. பாட்டின் நீளத்தை முடிவு செய்தது பாடகனல்லன், தட்டே. 1948ல் அமெரிக்கக் கொலம்பியா கம்பெனியார் நெடுந்தட்டை வெளியிட்ட பிறகு ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்துக்குமேல் இசை அடங்கிற்று. காந்த நாடாவைக் கட்டைகளால் இயக்கி வயலின் கோஷ்டியின் ஒலியை எழுப்பும் மெல்லட்ரான், மின்சாரத்தால் புதுப்புது நாதங்களை உண்டாக்கும் மூக் முதலிய கருவிகளும் வந்து சேர்ந்தன. கல்லூரிகள் பெருகி, உட்கார்ந்து கேட்கும் மாணவர் கூட்டமும் உண்டாயிற்று. இடம், கருவி, ஆள் மூன்றும் சேர்ந்தபோது பாட்டு நீண்டது. மேற்சொன்ன யெஸ் தட்டில் முதற்பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. பதினெட்டு நிமிஷத்துக்கு மேற்பட்டது. அதே 1972ல் ஜெத்ரோ டல் குழுவினர் ‘திக் அஸ் எ பிரிக்’ என்று இரண்டு பக்கத்துக்கும் ஒரே பாட்டாகச் செய்துவிட்டார்கள். 1971ல் எமர்ஸன், லேக், பாமர் என்னும் மூவர், ருஷ்ய இசையாசிரியர் முசோர்க்ஸ்கி 1874ல் பியானோவுக்கு எழுதிய ஆக்கத்தையே ராக் மேடையில் வாசித்துத் தட்டாக வெளியிட்டார்கள். 1973 மார்ச்சில் பிங்க் பிளாயிட் குழுவின் ‘டார்க் சைட் ஆப் தி மூன்’ வந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது 1973க்கும் 1988க்கும் இடையில் 741 வாரங்கள் இடம்பெற்றிருந்தது.

இவ்விசையை ஆதரிப்போர் சொல்லுவது யாதெனில்: ராக் இசை வெறும் கூத்தாகவும் காதற்பாட்டாகவும் நின்றுவிடாமல் வளர்ந்தது, ஏழு, ஐந்து முதலிய எண்ணிக்கையுள்ள தாளங்களை மேனாட்டு இளைஞர்கள் பழகினார்கள், கேட்பவனும் பொறுமையையும் கவனத்தையும் கற்றான், ஒரு தட்டை ஒரு புத்தகத்தைப்போல் முதலிலிருந்து கடைசிவரை அனுபவிக்கும் பழக்கம் வந்தது என்பதாம். இவற்றில் பொய்யென்று தள்ளத்தக்கது ஒன்றுமில்லை.

எதிர்ப்போர் சொல்லுவதும் கேட்கத்தக்கதே. 1973 கடைசியில் யெஸ் குழுவினர் ‘டேல்ஸ் பிரம் டோப்போகிராபிக் ஓஷன்ஸ்’ என்று இரண்டு தட்டுகளை, நான்கு பக்கத்துக்கு நான்கே பாட்டுகளாக வெளியிட்டார்கள். அதற்கு மூலம் என்னவென்றால், பரமஹம்ஸ யோகானந்தர் 1946ல் வெளியிட்ட சுயசரிதையில் சாஸ்திரங்களைப்பற்றி வரும் ஓர் அடிக்குறிப்பு! அடிக்குறிப்பு ஒன்றுக்கு எண்பது நிமிஷ இசை. அக்குழுவிலேயே கட்டைவாத்தியம் வாசித்த ரிக் வேக்மனுக்கு அது பிடிக்கவில்லை. மான்செஸ்டரில் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே மேடையில் வைத்துக் கறிச்சோறு சாப்பிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1974ல் குழுவைவிட்டு விலகினார். அவ்வளவு எளிமையை விரும்பியவரா அவர் என்றால் அதுவுமில்லை. 1975ல் ஆர்தர் அரசன் கதையை இசையாக்கி, லண்டன் வெம்பிளியில் பனிக்கட்டித் தரைமேல் வீரர்கள் சறுக்கிச் சறுக்கிச் சண்டைபோட, தாம் நடுவில் வாசித்தார். மூவர் குழுவோ 1977ல் சுமார் 70 பேர் கொண்ட வாத்தியக் கோஷ்டியோடு அமெரிக்கா சுற்றப் புறப்பட்டு, செலவு தாங்காமல் கோஷ்டியைப் பாதி வழியில் அனுப்பிவிட்டது. இவற்றையெல்லாம் பார்த்தவர்கள், இது கேட்போருக்கு இசையா, வாசிப்போருக்குப் பட்டாபிஷேகமாவென்று கேட்டதில் தவறென்ன?

எதிர்ப்போரின் குற்றச்சாட்டு ஒன்று மிகவும் ஆழமானது. கறுப்பு மக்களின் பாட்டிலிருந்து பிறந்த ஓர் இசைக்கு ஐரோப்பிய அரண்மனைச் சங்கீதத்தைச் சேர்த்தால்தான் மதிப்பு உண்டாகுமென்று நினைப்பது, அடிப்படையைத் தாழ்ந்ததென்று ஒப்புக்கொள்ளுவதாகாதா என்பதே அது. 1976, 77ல் பங்க் என்னும் கலகம் எழுந்தபோது, இந்தக் கேள்விக்கு இளைஞர்கள் தங்கள் வழியில் பதில் சொன்னார்கள். மூன்று நாதம் தெரிந்தால் போதும், மேடையேறு என்றார்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் பாடகர் ஜான் லைடன், பிங்க் பிளாயிட் பெயர் அச்சிட்ட சட்டையின்மேல் ‘நான் வெறுக்கிறேன்’ என்று எழுதி அணிந்து திரிந்தார். அந்தச் சட்டையே அக்கட்சியின் கொடியாயிற்று.

இதுவரையில் இரண்டு கட்சிகளும் தெளிவாக இருக்கின்றன. ஆனால் சரித்திரத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் இரண்டு கட்சியின் கோட்டைகளிலும் ஓட்டைகள் தெரிகின்றன.

ஜெத்ரோ டல் குழுவின் ஒரே பாட்டுத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட தட்டுகளைப் பெருமையாகச் செய்வோரைக் கிண்டல் செய்வதற்காகவே அதைச் செய்ததாக அதன் ஆசிரியர் இயான் ஆண்டர்ஸன் சொல்லியிருக்கிறார். உறையைக்கூட ஒரு கிராமத்துச் செய்தித்தாளைப்போல் கேலியாக அச்சிட்டார்கள். ஆதரவாளர்கள் அதை மகா காவியமென்று கொண்டாடினார்கள். எதிர்ப்பாளர்கள் அதையே வீண் பெருமைக்குச் சாட்சியாகக் காட்டினார்கள். கேலியென்று அறியாதவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள்! அமெரிக்கப் பட்டியலில் அது முதலிடமும் பெற்றது.

சட்டையில் வெறுப்பை எழுதிய லைடன் என்ன செய்தார்? 1977 ஜூலையில் லண்டன் வானொலி நிலையமொன்றில் தமக்குப் பிடித்த தட்டுகளைப் போட அழைக்கப்பட்டபோது, பீட்டர் ஹாமில் என்பவருடைய பாட்டை விரும்பிப் போட்டார். ஹாமில், வான் டெர் கிராப் ஜெனரேட்டர் என்னும் முற்போக்கு ராக் குழுவின் தலைவர்! மேலும், பிங்க் பிளாயிட் இசையைத் தாம் உண்மையில் வெறுத்ததில்லையென்றும் லைடன் பல ஆண்டுகளுக்குப் பின் சொல்லிவிட்டார். தலைவர் கொடியை மடித்து வைத்துவிட்டார். தொண்டர்கள் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இது பணக்காரப் பிள்ளைகளின் இசையென்பதும் முழு உண்மையன்று. ஜெனிஸிஸ் குழுவைத் தொடங்கியவர்கள் சார்ட்டர்ஹவுஸ் என்னும் பெரும் கட்டணப் பள்ளி மாணவர்கள் என்பது மெய்தான். ஆனால் யெஸ் குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்ஸன், அக்ரிங்டன் என்னும் ஆலைப்பட்டணத்தில் பிறந்து, பண்ணை வேலையும் பால் விநியோகமும் செய்தவர். மறுபக்கத்தில், உயர்ந்த கருத்துகளைப் பாடுவதால் நடத்தையும் உயர்ந்துவிடும் என்பதும் இல்லை. பணத்தாசையை இடித்துரைக்கும் ‘டார்க் சைட் ஆப் தி மூன்’ தட்டில் ஒரு பெண் சொற்களின்றிக் குரலாலேயே நெஞ்சை உருக்குகிறாள். கிளேர் டோரி என்பது அவர் பெயர். அந்த ஒரு நாள் வேலைக்கு அவர் பெற்ற கூலி 30 பவுன். பாட்டை ஆக்கியதில் தமக்கும் பங்குண்டென்று அவர் 2004ல் வழக்குத் தொடுத்த பிறகே, 2005ல் சமரசம் ஏற்பட்டு அவர் பெயரும் ஆசிரியர் வரிசையில் சேர்ந்தது. தினமும் கூலிப் புத்தகம் எழுதுகிற நமக்கு இந்தக் கணக்கு மறக்கக்கூடியதாக இல்லை.

ஆகவே, இரண்டு கட்சியாரும் ஒலியைவிட்டு அந்தஸ்தைப்பற்றியே வழக்காடியிருக்கிறார்கள் என்பது நமது முடிவு. ஒரு கட்சி, பெரிய சங்கீதத்தைப்போல் இருக்கிறதனால் இஃது உயர்ந்தது என்றது. மற்றொரு கட்சி, பெரிய சங்கீதத்தைப்போல் இருக்கிறதனால் இது பொய் என்றது. இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றே.

நிற்க. இவையெல்லாம் வெள்ளைக்காரர் வீட்டு வழக்கு, நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். நம் வீட்டு வழக்கையும் எடுத்துப் பார்ப்போம்.

1941 ஆகஸ்டில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் தமிழிசை மாநாடு கூடிற்று. தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு முதன்மையான இடம் வேண்டுமென்று கேட்கப்பட்டது. கேட்பவனுக்குப் புரிகிற மொழியில் பாடுங்கள் என்பதைவிட எளிய கோரிக்கை உண்டோ? ஆனால் சென்னைச் சங்கீத வித்வத் சபையைச் சேர்ந்தவர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு வந்தது. சங்கீதத்துக்கு மொழியில்லை, இதனால் தரம் குறைந்துவிடும் என்றார்கள். கல்கி முதலானோர் தமிழிசைக்காகப் பேனா பிடித்தார்கள். 1943ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டது. தரம் என்னும் சொல்லை இவ்வழக்கில் கவனிக்க வேண்டும். ராகத்தில் குற்றமில்லை, தாளத்தில் குற்றமில்லை. மொழி மாறினால் தரம் குறையுமென்றால், அது காதின் தீர்ப்பா, அந்தஸ்தின் தீர்ப்பா?

1952ல் இந்திய ஒலிபரப்பு மந்திரியான கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறதென்று கருதி அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமல் செய்தார். மக்கள் என்ன செய்தார்கள்? மாநாடு கூட்டவில்லை, தீர்மானம் போடவில்லை, வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பி இலங்கை வானொலியைக் கேட்டார்கள். 1957ல் இந்திய சர்க்கார் ‘விவித் பாரதி’ என்னும் தனி ஒலிபரப்பைத் தொடங்கிச் சினிமாப் பாட்டை மறுபடியும் வரவேற்க நேர்ந்தது. ரசனையைச் சட்டத்தால் உயர்த்தப் போனவர்கள் கேட்போரை இழந்ததுதான் கண்ட பலன்.

இனி, முற்போக்கு ராக்குக்கு உறவான இசையிலேயே தமிழர் கலந்த கதையொன்றுண்டு. யார்க்ஷயரில் பிறந்த ஜான் மக்லாப்லின் 1971ல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்னும் குழுவை அமைத்து, காது அதிர மின்கிதார் வாசித்துப் புகழ்பெற்றவர். அவர் 1975ல் மின்சாரத்தைத் துறந்து, தரையில் அமர்ந்து, ‘சக்தி’ என்னும் குழுவில் வாசிக்கத் தொடங்கினார். உடன் வாசித்தவர்கள், சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் வித்துவான் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகீர் உசேன் ஆகியோர். கர்நாடக இசைக் கச்சேரியில் கடத்துக்கு உபபக்கவாத்தியம் என்றுதான் பெயர். மிருதங்கத்துக்குப் பின்னால்தான் அதற்கு இடம். சக்தியிலோ மண்பானை, கிதாரோடு சமமாக உட்கார்ந்தது. இடிமுழக்கத்தை எதிர்பார்த்து வந்த ராக் ரசிகர்களில் ஒரு சாரார் ஏமாந்தார்கள். இதுவே சிறந்ததென்று மற்றொரு சாரார் ஒட்டிக்கொண்டார்கள். 1978ல் பிரிந்த அக்குழு பின்னர்ப் புதிய ஆட்களோடு கூடி, விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் உடன் வாசிக்க வெளியிட்ட தட்டுக்கு 2024ல் கிராமி பரிசு கிடைத்தது. முதல் தட்டு வெளிவந்த 1976க்கும் இதற்கும் நாற்பத்தெட்டு ஆண்டுகள் இடைவெளி!

லண்டனில் பங்க் கலகம் எழுந்த அதே 1976ல் தமிழ்நாட்டில் ‘அன்னக்கிளி’ படத்தின் மூலம் இளையராஜா வந்தார். பண்ணைப்புரத்தில் பிறந்து, தமையனார் பாவலர் வரதராஜனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடித் திரிந்தவர். பின் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்றவர். பத்தாண்டு கழித்து 1986ல் ‘ஹவ் டு நேம் இட்?’ என்று, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையாசிரியர் பாஹுக்கும் காணிக்கையாக ஒரு வாத்தியத் தட்டு வெளியிட்டார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்பது அத்தலைப்பின் பொருள். நமது வீட்டில் அந்தத் தட்டு சுழன்றபோது வந்த விருந்தினரில் சிலர் பாட்டு எப்போது தொடங்குமென்று காத்திருந்தார்கள். சபா சங்கீதம் அறிந்த ஒருவர், இது கர்நாடகமும் அல்ல, மேனாட்டதும் அல்ல என்று எழுந்து போனார். நமது தகப்பனார் மட்டும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அல்ல, அல்ல என்று சொல்லுவது எளிது. எது என்று சொல்லுவதற்கே கேட்க வேண்டியிருக்கிறது. அவரே 2025 மார்ச்சில் லண்டன் ஹாமர்ஸ்மித்தில், ராக் குழுக்கள் பல வாசித்த ஓர் அரங்கில், தமது சிம்பொனியை அரங்கேற்றினார். அன்றும் தமிழர்கள் இரண்டு கட்சியாகவே இருந்தார்கள்.

நமது கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இவ்வழக்கு நடந்ததுண்டு. 2006ல் யோகி பி, நட்சத்ரா குழுவினர் ‘வல்லவன்’ என்னும் தட்டை வெளியிட்டு, 1980ல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா இசைத்த ‘மடை திறந்து’ பாட்டைச் சொற்கட்டு வேகத்தில் புதிதாக்கினார்கள். பழைய பாட்டைக் கெடுத்தார்கள் என்று பெரியவர்களும், எங்கள் குரல் இதுதான் என்று இளைஞர்களும் வாதாடியதை அக்காலத்தில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நாம் நேரில் கேட்டிருக்கிறோம். அன்று நாம் பெரியவர்கள் கட்சியில் இருந்தோமென்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த வெட்கத்தின் காரணத்தையும் சொல்லிவிடுவதே நேர்மை. நம்மைத் தகப்பனார் கடன்பட்டுத் தனியார் இங்கிலீஷ் பள்ளியில் படிக்கவைத்தார். அங்கே நாம் கற்றவற்றுள் ஒன்று, நாம் மற்றத் தோட்டத்துப் பிள்ளைகளைப்போன்றவரல்லர் என்பது. கிராணி வேலைக்கு வந்து சேர்ந்தபின், தோட்டத்து வீடுகளில் சினிமாப் பாட்டு ஒலிக்கும்போது நாம் பிங்க் பிளாயிட் கேட்டோம். கோவில் திருவிழாவில் தப்பு அடிக்கும்போது ஜன்னலைச் சாத்தினோம். அந்தத் தட்டில் ‘மணி’ என்றொரு பாட்டு உண்டு, ஏழெண்ணிக்கைத் தாளம். “நாலு எண்ணிப் பழகியவர்களுக்கு இது பிடிபடாது” என்று நண்பர்களிடம் பெருமையடித்துக் கொண்டிருந்தோம்.

ஒரு மாலையில் அப்பாட்டு நமது வீட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது, பால்வெட்டு நாளிலிருந்து இதே தோட்டத்தில் உழைத்த முதியவர் ஒருவர், சொக்சோ பாரத்தில் கையெழுத்து வாங்குவதற்காக வந்து வாசலில் நின்றார். அவருடைய தகப்பனார் தப்பு அடித்தவர். பாரத்தை நாம் பார்த்துக்கொண்டிருக்கையில் அவர் விரல்கள் திண்ணைக் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில், “ஐயா, இது தகிட தகதிமிதானே? வெள்ளைக்காரனும் அடிக்கிறானா?” என்றார்.

நாம் திடுக்கிட்டு நிமிர்ந்தோம். கிதார் தனியாக வாசிக்கும் பகுதி வந்தது. அவர் விரல் நின்றது. “இப்ப விட்டுட்டான். சாதா நடைக்கு வந்துட்டான்” என்றார். அது மெய், அந்த இடத்தில் அப்பாட்டு ஏழைவிட்டு நாலுக்கு மாறுகிறது. பல ஆண்டுகள் கேட்டும் நாம் அதை ஒரு புத்தகத்தில் படித்தே தெரிந்துகொண்டோம். மறுபடி ஏழு வந்ததும் அவர் விரல் தானாகச் சேர்ந்துகொண்டது. “பிடிச்சிருக்கா, தாத்தா?” என்று கேட்டோம். “முன்னாடி நல்லாயிருக்கு ஐயா. நடுவுல ரொம்ப நேரம் அலையிறான்” என்றார். நமது தகப்பனாருக்கும் மூத்தவர் நம்மை ஐயா என்கிறார். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் படியில் உட்கார்ந்தார். நாம் அதுவரையில் படித்த விமர்சனங்களில் ஆதரித்தோரும் எதிர்த்தோரும் ஏராளம். நல்லதை நல்லதென்றும் அலைச்சலை அலைச்சலென்றும் ஒரே மூச்சில் சொன்னவர் அவர் ஒருவரே. ஏனெனில், அந்தப் பாட்டினால் அவருக்கு ஏற வேண்டிய படியும் இல்லை. இறங்கிவிடுவோமென்ற பயமும் இல்லை.

இனி, முற்போக்கு என்னும் சொல்லுக்கு வருவோம். முற்போக்கு என்றால் முன்னே போவது. அந்த ஆங்கிலேய இளைஞர்கள் தாளத்தை விரித்து, நேரத்தை நீட்டி, புதிய நாதங்களைத் தேடிய இடங்களில் மெய்யாகவே முன்னே போனார்கள். பழைய பெரிய சங்கீதத்தின் உடையை உடுத்து அதன் சிம்மாசனத்தில் ஏறப் பார்த்த இடங்களில் அவர்கள் முன்னே போகவில்லை, மேலே ஏறினார்கள். பங்க் இளைஞர்கள் கதவைத் திறந்த இடத்தில் முன்னே போனார்கள். தேர்ச்சியே குற்றமென்று சொன்ன இடத்தில் அவர்களும் வேறொரு சிம்மாசனம் போட்டுக்கொண்டார்கள். தமிழிசைக்காரர், சபைக்காரர், சினிமாக்காரர், சொற்கட்டுக்காரர் எல்லோருக்கும் இந்த உரைகல் பொருந்தும். நமக்கும் பொருந்தும். முன்னே போகிறவனுக்குப் பக்கத்தில் நடப்பவன் துணை; மேலே ஏறுகிறவனுக்கோ பிறர் தோள் தேவைப்படுகிறது.

கேட்போருக்குள் அபிப்பிராய பேதம் கூடாதென்று நாம் சொல்லவரவில்லை. பேதம் இருக்கட்டும், ஆனால் அது காதிலிருந்து பிறக்கட்டும். ஆசிரியரும் இளைஞரும் அடுத்த ஞாயிறு அம்கார்ப் மாலில் சந்திப்பார்களானால், யார் படித்தவர் என்பதை விட்டுவிட்டு, அந்தப் பதினெட்டு நிமிஷத்தில் எந்த இடம் நன்று, எந்த இடம் அலைச்சல் என்று தட்டை ஓடவிட்டுப் பேசுவார்களாக. நாமோ இப்போதெல்லாம் திருவிழாவில் ஜன்னலைச் சாத்துவதில்லை. தப்புக்காரர் எந்த எண்ணிக்கையில் அடிக்கிறாரென்று விரல்விட்டு எண்ணப் பார்க்கிறோம். இன்னும் சில இடங்களில் பிடிபடவில்லை.